பன்னிரண்டு பாகத்தில் ஒரு கல்

பேயை நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை. இது நடந்தது. 1972 பங்குனி, ஒரு திங்கட்கிழமை, சுள்ளென்று வெயில் அடிக்கிற பட்டப்பகலில். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருக்கும் உத்திராபதி இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் ஒரு நிமிஷம்கூட முன்பின் மாறவில்லை. நாகூரில் மீரா உசேன் கடையில் வாங்கிய கைக்கடிகாரம் அன்று அவர் கையில் இருந்தது.

வெயில் ஏறினால் வஞ்சிரம் மேலே நிற்காது. ஆழத்துக்கு இறங்கிவிடும். மற்றவர்கள் மேல்தண்ணீரில் தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டு வெறுங்கையோடு கரையேறுவார்கள். மீன்துறை ஆள் ஒருவர் உத்திராபதிக்கு ஒரு வழி காட்டியிருந்தார். தனிக் கயிற்றில் கனமான ஒரு கல்லைக் கட்டிப் பன்னிரண்டு பாகத்துக்கு இறக்க வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கல்லுக்குச் சற்று மேலே தூண்டில் நரம்பைப் பருத்தி நூலால் முடிய வேண்டும். வள்ளம் ஓட ஓட இரையும் அதே ஆழத்தில் ஓடிவரும். மீன் கடித்து இழுத்தால் நூல் அறுந்து தூண்டில் தனியாக வந்துவிடும். கல் தன்பாட்டுக்குத் தொங்கும்.

வழி சரிதான். கல்லுக்கு எங்கே போவது? காவிரி மண்ணில் எங்கே வெட்டினாலும் வண்டல்தான் வரும். கல்லைப் பார்க்க வேண்டுமானால் கோயிலுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வீட்டு அம்மியைத் திருட வேண்டும்.

கல்லைக் கொண்டுவந்தவன் அய்யாவு. உத்திராபதியின் மனைவி நீலாயதாட்சிக்கு ஒரே தம்பி. தை அறுவடைக்குக் கருவாட்டு மூட்டையோடு ரயிலேறி, திருவிடைமருதூர்ப் பக்கம் களம் களமாக அலைந்து நெல்லுக்கு மாற்றிக்கொண்டு வருவான். அந்தத் தையில் நெல்லோடு ஒரு சர்வே கல்லும் வந்தது. முழ உயரம், நாலு பட்டை, தலையில் அம்புக்குறி.

"ஏதுடா இது?"

"கெடந்துச்சு மாமா."

அதற்குமேல் உத்திராபதி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கழக ஆட்சியில் குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிச் சட்டம் வந்திருந்த சமயம் அது. பெயர் ஏறிவிட்டால் அவனை வயலைவிட்டுக் கிளப்புவது லேசில்லை. அதனால் சில பண்ணைகளில் கல் நகர்ந்தது. சில பண்ணைகளில் ஆளே காணாமல் போனான்.

கிளம்பும்போது நீலாயதாட்சி சொன்னாள். "அவனுக்கு நீச்சல் இருக்கு, நிதானம் இல்ல. பாத்துக் கூட்டியாங்க." வைகாசியில் அய்யாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

விடிகாலை 4.50-க்கு வள்ளம் கரையை விட்டது. பாய் நன்றாக இழுத்தது. 7.10-க்குக் கல்லை இறக்கினார்கள். பன்னிரண்டாவது பாகத்தில் கயிற்றில் சிவப்புத் துணி முடிந்திருந்தது. 7.35-க்கு ஒரு வஞ்சிரம், எட்டுக் கிலோ தேறும். 7.50-க்கு இன்னொன்று. அய்யாவு பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டான்.

8.20. தூண்டில் தளர்ந்தது. மீன் இல்லை. அய்யாவு கல்லைத் தூக்கினான். நூல் அறுந்திருக்க வேண்டும். அறவில்லை. முடிச்சு அவிழ்ந்திருந்தது. நூல் முழுசாகக் கல்லைச் சுற்றி, அழகாக, யாரோ சுற்றி வைத்ததுபோல் இருந்தது.

"நீ சரியா முடியல."

"முடிஞ்சேன் மாமா."

இந்தத் தடவை உத்திராபதியே முடிந்தார். பல்லால் கடித்து இறுக்கினார். 8.55-க்குத் தூக்கிப் பார்த்தால்... அதே கதை. கல்லில் சேறும் ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் கடல் பதினெட்டுப் பாகம். கல் தரையைத் தொட வழியே இல்லை. தொட்டாலும் கடலடி மணல்தான் ஒட்டும். இது கறுப்புச் சேறு. முகர்ந்து பார்த்தார். நாற்றங்கால் வாசனை அடித்தது.

வள்ளத்தைக் கரைப்பக்கம் திருப்பினார்.

"போறபோக்குல ஒரு தடவ போட்டுப் பாப்போம் மாமா" என்றான் அய்யாவு. அவர் வாயைத் திறப்பதற்குள் கல் தண்ணீருக்குள் போய்விட்டது.

10.31. ஓடுகிற வள்ளத்தில் கயிறு பின்னால் சாயும். தண்ணீர் இழுக்கிற இழுப்பு அப்படி. கடலில் இறங்கிய குழந்தைக்கும் இது தெரியும்.

கயிறு முன்னால் சாய்ந்திருந்தது.

கல் வள்ளத்தை முந்திக்கொண்டு போனது. கரையைப் பார்த்து.

உத்திராபதி பாயை அவிழ்த்துவிட்டார். பாய் சுருண்டு விழுந்தது. வள்ளம் நிற்கவில்லை.

10.38. சளக்...

அடிப்பலகைக்குக் கீழே. ஈர மண்ணை வெட்டுகிற சத்தம்.

சளக்... சளக்...

அய்யாவு அடிப்பலகையிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டான். "மம்பட்டி மாமா... அது மம்பட்டிச் சத்தம்."

"என்னடா சொல்ற?"

"நான் குழி மட்டுந்தான் வெட்டுனேன்."

"எந்தக் குழி?"

"பண்ணைக் காரியஸ்தர் வெட்டச் சொன்னாரு. கல்லப் புடுங்கிட்டு அந்த எடத்துலயே வெட்டுன்னாரு. ஒரு சாக்க உள்ள போட்டாங்க. மூடச் சொன்னாரு, மூடுனேன். கல்லக் கடல்ல போட்ரச் சொன்னாரு."

"சாக்குல என்ன?"

அய்யாவு கயிற்றையே பார்த்தான்.

"கேக்குறேன்ல?"

"அசைஞ்சுச்சு மாமா."

சத்தம் நின்றது.

கயிறு சுண்டியது. ஒரு தடவை... இரண்டு தடவை...

அய்யாவு கயிற்றை அவிழ்த்துவிடப் பாய்ந்தான். அது அவன் மணிக்கட்டில் விழுந்தது. சுற்றியது. முடிச்சு தானாக விழுந்ததை உத்திராபதி கண்ணால் பார்த்தார்.

"மாமா!"

தலைகீழாகப் போனான்.

கயிற்றின் இந்த முனை வள்ளத்தில் கட்டியிருந்தது. வள்ளம் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது. முழங்கால்... இடுப்பு...

கயிற்றை இழுத்தார். அசையவில்லை.

கத்தி கையில் இருந்தது.

10.47.

அறுத்தார்.

கரைக்கு வந்து நீலாயதாட்சியிடம், "கயிறு அறுந்துபோச்சு" என்றார். அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். ஊரே ஏழு வள்ளத்தில் போய்த் தேடியது. திங்கள், செவ்வாய், புதன். வலை போட்டு அரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. புதன்கிழமை பொழுது சாய்ந்ததும் வள்ளங்கள் கரையேறிவிட்டன. உடம்பில்லாமலே காரியம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தலையாரி குப்பத்துக்கு வந்தார். "கருவாட்டு அய்யாவு வீடு இதானே? அடையாளம் காட்ட ஒருத்தர் வாங்க" என்றார்.

உத்திராபதி போனார். போகிற வழியில் தலையாரி விஷயத்தைச் சொன்னார். வேம்பு என்ற குத்தகைக்காரனைத் தை மாதத்திலிருந்து காணவில்லை. அவன் மனைவி ஜெயா எழுதிப் போட்ட மனுவின்மேல் வயலை அளக்க ஆள் வந்தது. தையில் காணாமல் போன எல்லைக்கல் வரப்பு மூலையில் நட்டபடி நின்றது. அந்த வெயிலிலும் கல் நனைந்திருந்தது. சந்தேகப்பட்டு முந்தின நாள், திங்கட்கிழமை, தோண்டினார்கள். வரப்பில் அருகம்புல் வேரோடிக் கிடந்தது. இரண்டு மாதமாக அங்கே யாரும் மண்வெட்டி போடவில்லை என்று தோண்டியவர்கள் சத்தியம் செய்தார்கள். உள்ளே சாக்கில் வேம்பு, எலும்பும் தோலுமாக. அதற்கு மேலே அய்யாவு. மணிக்கட்டில் கயிறு.

கடலிலிருந்து அந்த வயலுக்கு முப்பது மைலுக்குக் குறையாது.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெயா நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணில் துளி ஈரமில்லை. உத்திராபதியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம் புருசன ரெண்டு மாசமாத் தேடுனேன். நீங்க ஒங்க ஆள எத்தன நாளு தேடுனீங்க?"

"மூணு நாளு."

உள்ளே கூப்பிட்டார்கள். துணியை விலக்கிக் காட்டினார்கள். அய்யாவுதான். பத்து விரலிலும் நகம் தேய்ந்து, சதைக்குள் கறுப்பு மண் ஏறியிருந்தது. கடலில் மூழ்கியவன், எட்டு நாளாகிறது என்று உத்திராபதி சொன்னார்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"யாருங்க சொன்னது? வயித்துல ஒரு சொட்டுக் கடல்தண்ணி இல்ல. மண்ணுக்குள்ள மூச்சு முட்டிச் செத்திருக்காரு. நேத்து மண்ணத் தோண்டுனப்ப உடம்புல சூடு இருந்துச்சு."