சால்டர் புகையும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும்

என் கை சுத்தமான கை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி இன்வெர்ட்டர் போர்டு செய்கிறது. பன்னிரண்டு பெண்கள் எதிரெதிராக உட்கார்ந்து, ஈயக்கம்பியை உருக்கி ஜாயின்ட் வைக்கும் சால்டரிங் வேலை செய்கிறோம். நான் வைத்த ஜாயின்ட் விட்டுப்போச்சு என்று ஒரு போர்டும் இதுவரை திரும்பி வந்ததில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலாளி என் போர்டைத்தான் எடுத்துக் காட்டுவார். அப்பேர்ப்பட்ட என்னைத்தான் போன வருஷம் பேக்கிங்குக்குப் போகச் சொன்னார்கள். அட்டைப்பெட்டி ஒட்டுவதற்கு!

எல்லாம் என் இருமலால் வந்தது.

சால்டரிங் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஈயக்கம்பி உருகும்போது மெல்லிய வெள்ளைப் புகை கிளம்பி நேராக மூக்குக்கு வரும். குனிந்துதானே வேலை செய்கிறோம்? அதனால் ஒவ்வொரு ஜாயின்டுக்கும் ஒரு ஊது. ஒன்பது வருஷம் இப்படி ஊதியதில், வீட்டில் ஆறிப்போன சோற்றைக்கூட ஊதித்தான் வாயில் வைப்பேன்.

அந்தப் புகை வாசனையாக வேறு இருந்து தொலைக்கும். கம்பிக்குள்ளே வைத்திருக்கும் பிசின் எரிகிற வாசனை அது. என் எதிர் சீட்டில் வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்து போகிறவள் ஒருத்தி இருக்கிறாள். நான் சேர்ந்த மாதமே அவளும் சேர்ந்தாள். என்னைவிட நான்கு வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. "சாம்பிராணி கணக்கா கீதுக்கா. ஒடம்புக்கு நல்லதுதான்" என்பாள். நானும் தலையாட்டினேன். தலைக்குக் குளித்தால் சாம்பிராணி காட்டி முடி உலர்த்துகிறவர்கள் நாங்கள். அந்த வாசனையைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? எங்கள் பயமெல்லாம் ஈயத்தின் மேல்தான் இருந்தது. ஈயம் இல்லாத கம்பி வந்த அன்று, ஒழிந்தது சனியன் என்று பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டோம்.

கள்ளிக்குப்பத்தில் என் வீடு மூன்றாவது மாடி. அதை ஏற இரண்டு இடத்தில் நிற்க வேண்டிய நிலைமை வந்தது. பொங்கல் லீவில் நான்கு நாள் இருமல் காணாமல் போனது. வேலைக்குத் திரும்பிய அன்று மாலையே வந்துவிட்டது. டாக்டரிடம் போனேன். வீசிங் என்றார். என்ன வேலை என்று கேட்டுவிட்டு, எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"ஈயம் கையில ஒட்டி வாய்க்குப் போகும். அதுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவணும். உங்க மூச்சைப் பிடிக்கிறது பிசின் புகை. ஈயம் இல்லாத கம்பியிலயும் அது இருக்கும்மா. துணி மாஸ்க் கட்டினா நிக்காது. மூக்குக்கு வர்றதுக்கு முன்னாடியே புகையை இழுத்துடணும். முடியலேன்னா வேலையை மாத்துங்க."

மறுநாள் காலை இன்ஹேலரோடு முதலாளி அறையில் போய் நின்றேன். "சார், வேலையை மாத்த மாட்டேன். புகையை மாத்துங்க" என்றேன். சுவரில் ஃபேன் போட்டிருக்கிறேனே என்றார். அந்த ஃபேன் இவள் புகையை அவள் முகத்தில் அடிக்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரு வாரம் யோசித்து, புகை இழுக்கும் பெட்டி ஒன்று வாங்கினார். மேஜைக்கு அடியில் பெட்டி. அதிலிருந்து இரண்டு குழாய், என் சீட்டுக்கு ஒன்று, எதிர் சீட்டுக்கு ஒன்று.

"ஒரு மாசம் பார்ப்போம்மா. உனக்குக் குறைஞ்சா எல்லாருக்கும் வாங்கறேன். குறையலேன்னா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடுவேன். நீ பேக்கிங்குக்குப் போயிடணும்" என்றார். சரி என்று அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டேன்.

காட்டுப்பாக்கத்திலிருந்து எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். அது உறுமிய உறுமலில் எனக்கு ஒரே பெருமை. பொட்டு வைத்தேன், தினமும் துடைத்தேன். ஆனால் மூன்று வாரமாகியும் இருமல் குறையவில்லை. நான்காவது வாரம் வியாழக்கிழமை முதலாளி வந்து, திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங் என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமாக வந்தது. பயமாகவும் இருந்தது. என்னால் மற்ற பதினோரு பேருக்கும் இனிமேல் பெட்டி வராது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை தொடங்கும் முன்னால் பூஜை போட்டு, மேஜை மேஜையாகச் சாம்பிராணி காட்டுவது எங்கள் வழக்கம். கற்பூரம் அணையக் கூடாது என்று அப்போது மட்டும் ஃபேனை நிறுத்துவோம். அன்று என் முறை. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. என் குழாயின் வாயருகே தூபக்காலைக் காட்டினேன். புகை குழாயைக் கண்டுகொள்ளாமல் நேராக மேலே போனது. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அப்போதும் மேலேதான் போனது.

"இன்னாக்கா, சாமி கும்புடுறியா, பைப்ப மொறைக்கிறியா?" என்றாள் எதிர் சீட்டுக்காரி.

அவள் குழாயிலும் காட்டினேன். அங்கேயும் அதே கதைதான். "சார், கொஞ்சம் வாங்க" என்று நான் போட்ட சத்தத்தில் முதலாளி ஓடி வந்தார். போன் போட்டதும் எலக்ட்ரீஷியனும் பதினொரு மணிக்குள் வந்துவிட்டார். பெட்டியைத் தொடவிடாமல் அவரைப் பத்து நிமிஷம் திட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூடியைக் கழற்றினார்.

உள்ளே ஃபில்டர் வெள்ளை வெளேரென்று இருந்தது. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கவர் அதன் மேல் பிரிக்காமல் அப்படியே பளபளத்தது. காற்று எப்படிப் போகும்?

முதலாளி கத்தத் தொடங்கினார். எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். "நீதானம்மா சொன்னே? கவரப் பிரிக்காதண்ணா, புச்சு, அழுக்காயிடப் போவுதுன்னு?"

ஆமாம், சொன்னேன். எங்கள் வீட்டு டிவி ரிமோட் நான்கு வருஷமாகக் கவருக்குள்ளேதான் இருக்கிறது. சண்டை போட்டு வாங்கிய பெட்டி, புதுசு கெடாமல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. இல்லவே இல்லை என்று சாதித்திருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் சார் சொன்னேன். தப்பு என்னுது. பெட்டி மேல தப்பு இல்ல. ஒரு மாசத்த இன்னிலேர்ந்து எண்ணுங்க" என்றேன்.

முதலாளி என்னை ஒரு தடவை, ஃபில்டரை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரே கவரைக் கிழித்தார். ஃபேனை நிறுத்திப் பெட்டியைப் போட்டதும், மறுபடி சாம்பிராணி தூவித் தூபக்காலைக் காட்டினேன். புகை அப்படியே வளைந்து குழாய்க்குள் போனது. பன்னிரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

அந்த ஒரு மாதம் முடிவதற்குள் மூன்று மாடியும் நிற்காமல் ஏறினேன். இன்ஹேலர் பையில் இருக்கிறது, எடுப்பது குறைந்துவிட்டது. என் சீட்டு என்னிடமே இருக்கிறது. பாக்கி ஐந்து பெட்டிக்கும் ஆர்டர் போட்டாயிற்று என்று ஒரு மத்தியானம் முதலாளி வந்து சொல்லிவிட்டுப் போனார். நான்தான் ஜெயித்தேன் என்று எதிர் சீட்டைப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள். என்னுடையதைப் போலவே நீல நிற இன்ஹேலர்.

"ரெண்டு வருசமாக்கா. சொன்னா பேக்கிங்ல போட்ருவாங்கன்னுதான் மூடிகினு இருந்தேன். நீ ஊதுனதெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்ச?"

நான் அடுத்த ஜாயின்டுக்குக் குனிந்தேன். புகை குழாய்க்குள்தான் போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் பழக்கத்தில் வாய் தானாகக் குவிந்தது. ஊதாமல் மூடிக்கொண்டேன்.