தேன் துணியின் மஞ்சள் நிறம்

உள்ளறையில் சிவராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம் கேட்டது. ஜெயபாரதியின் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது.

சாயப்பட்டறையில் கொதிநீர் பட்டு வெந்த கை. ஆஸ்பத்திரியில் போட்ட கட்டுக்குள் ஆறிக்கொண்டுதான் வந்தது. நேற்று அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு, கம்பெனியிலிருந்து யாரிடமும் கேட்காமல் கொண்டுவந்த துணியைச் சுற்றியவள் ஜெயபாரதிதான். கட்டியவள் வேறு யாருமல்ல, அவன் மனைவி! இன்று கை வீங்கித் தீயாய்ச் சிவந்திருந்தது. பயம் தாங்காமல் தமிழ்மதிக்குப் போன் செய்திருந்தாள்.

தமிழ்மதி கோவைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவள். மடத்துக்குளத்துத் தேனை வெள்ளி உப்போடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாக்கி, ஜெயபாரதி வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் வைத்துத் துணியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நச்சு ரசாயனம் இல்லாமல் புண்ணுக்குக் கட்டும் துணி செய்ய வேண்டும் என்பது அவள் கனவு.

வந்தவள் கட்டைப் பார்த்ததும் திகைத்தாள். "அக்கா, இது நம்ம துணியா? எப்படி வெளுத்துச்சு?"

"மஞ்சக் கறையா இருந்துதுங்க மேடம். புண்ணுல கட்டறது சுத்தமா இருக்கோணுமேன்னு ஸ்ப்ரே கன்ல கறைமருந்து அடிச்சு எடுத்துட்டனுங்க."

பாவாடை தாவணி வயதிலேயே, பீஸ்களில் கறை பார்க்கும் செக்கிங் டேபிளுக்கு வந்தவள் ஜெயபாரதி. வெள்ளைத் துணியில் கடுகளவு மஞ்சள் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கறைமருந்தை அடித்துப் போக்கிவிட்டுத்தான் அடுத்த பீசைத் தொடுவாள். அந்தக் கண்தான் இத்தனை காலம் அடுப்பை எரிய வைத்தது.

"அது கறையில்லக்கா. வெள்ளி ஏறுனா துணிக்கு அந்த நிறந்தான் வரும். அதுவுமில்லாம, இன்னும் யாரு மேலயும் கட்டிப் பார்க்காத துணி." தமிழ்மதி கட்டை முகர்ந்து முகம் சுளித்தாள். "மருந்து புண்ணுல எறங்கியிருக்குது. தண்ணி ஊத்துங்க. உடனே ஆஸ்பத்திரி போகோணும்."

"கை போயிருமுங்களா?"

"டாக்டர்தானுங்க சொல்லோணும்."

தண்ணீர் பட்டதும் சிவராஜ் துடித்தான். ஆனாலும் சிரிக்கப் பார்த்தான். "என்னையும் ரிஜெக்ட் பீசாக்கிப் போட்டா பாருங்க மேடம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "டாக்டர்கிட்ட துணியப் பத்திச் சொல்லாதீங்க. தெரிஞ்சா இவளுக்கு வேலை போயிரும்."

ஜெயபாரதி தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். கணவன் கை ஓய்ந்து கிடக்க, அவள் வேலையும் போனால்?

"சொல்லிருங்க மேடம்," என்றாள். "என்ன மருந்து பட்டுச்சுன்னு தெரியாம டாக்டரு எப்படிங்க வைத்தியம் பார்ப்பாரு? வேலை போனாப் போகுது. மாமாவோட கை வேணுமுங்க எனக்கு."

தொட்டிலில் குழந்தைக்குக் காய்ச்சல். அவளால் உடன் போக முடியவில்லை. தமிழ்மதி சிவராஜைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினாள். திரும்பி வந்து, "டாக்டர்கிட்ட சொல்லிர்றேன்க்கா" என்றாள்; பிறகு குழந்தைக்குக் காற்று அடிக்காமலிருக்க, வெளியிலிருந்தே கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.