டிசம்பரில் மடங்காத முழங்கால்

வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி செய்ய வைக்கும் பிசியோதெரபிஸ்டைப் பண்டிகை நாட்களில் யாரும் வாசலில் நின்று வரவேற்பதில்லை. அடுப்பில் எண்ணெய் காய்கிற நேரத்தில் வந்து, 'காலைத் தூக்குங்க, கையை மடக்குங்க' என்று நிற்கிற ஆளை யாருக்குத்தான் பிடிக்கும்? பூந்தமல்லி, காட்டுப்பாக்கம், மாங்காடு பக்கம் என் ஸ்கூட்டர் நுழையாத தெரு குறைவு. தீபாவளி தொடங்கிப் பொங்கல் வரை அந்தத் தெருக்களில் எனக்குப் பலகாரம் தாராளமாகக் கிடைக்கும். பயிற்சி செய்ய ஆள்தான் கிடைக்காது.

இதைப் படிக்கும் உங்களுக்கும் முழங்கால், தோள்பட்டை, இடுப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். இல்லையென்றால் வீட்டில் யாருக்காவது இருக்கும். நாள் முழுக்க வண்டி ஓட்டி எனக்கே இடுப்பு வலி. ஆகவே நான் உயரத்தில் நின்று உபதேசம் செய்யவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து புலம்புகிறேன், அவ்வளவுதான்.

மாலை போட்டாச்சு

மாங்காட்டில் முரளி சார் என்று ஒருவர். தோள்பட்டை இறுகிப்போய், சட்டை போடுவதற்கே மனைவியைக் கூப்பிடுகிற நிலைமை. ஐப்பசியில் கேட்டபோது 'தீபாவளி முடியட்டும்மா' என்றார். முடிந்ததும் போனால் கழுத்தில் மாலை, கறுப்பு வேட்டி. 'சாமி மலைக்குப் போயிட்டு வந்துடறேன்' என்றார். சாமியும் கையைத் தூக்கலாம், ஒரு தோஷமும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மலையிலிருந்து வந்ததும் மார்கழி, அப்புறம் நியூ இயர், அப்புறம் பொங்கல்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், பண்டிகையே இல்லாத மாசம் ஒண்ணு நீங்களே சொல்லுங்க. அப்ப வரேன்" என்றேன். மனிதர் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. நல்லாயிருக்கிற கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்:

"ஆடியில வரச் சொல்லலாம்னு பாத்தேன்மா. ஆனா அதுல கூழ் ஊத்தறோமே."

தலையணை

ஸ்டெல்லா அக்கா விஷயத்தில் இப்படிச் சிரித்துவிட்டு வர முடியவில்லை. கரையான்சாவடி மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் உள்ள தெருவில் வீடு. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். தீபாவளி கழிந்து வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்திருந்தார்கள். கணவர் ஜெயராஜ் அண்ணன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் ராபினுக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் இந்த மூன்று பேர்தான்.

மூட்டு மாற்றியவர்களுக்கு முதல் சில வாரங்கள்தான் முக்கியம். அதற்குள் மடக்கி நீட்டிப் பழகாவிட்டால் உள்ளே இறுகிவிடும். புது மூட்டும் துருப்பிடித்த கீல் மாதிரி பாதியில் நின்றுவிடும். ஜனவரியில் காட்ட வரும்போது கால் போதுமான அளவு மடங்கவில்லை என்றால், மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்துத் தானே மடக்கிவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதை என்னிடம் சொல்லும்போதே ஜெயராஜ் அண்ணனுக்கு முகம் வெளுத்தது. அக்காவின் முகம் மாறவே இல்லை. தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் எனக்கு எதிரி தலையணை. முழங்காலுக்கு அடியில் அதை வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் கால் நேராக நீட்டுவதையே மறந்துபோகும். நான் எடுத்துவிட்டு வருவேன், மறுநாள் போனால் மறுபடி இருக்கும். டிசம்பர் பிறந்ததும் நிலைமை மோசமானது. பங்குக் கோயிலிலிருந்து வருகிறவர்கள், கேரல் பாட வருகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று வருகிற ஒவ்வொருவரும் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பாசத்தோடு ஒரு தலையணையைச் செருகிவிட்டுப் போனார்கள். ஒருநாள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இருந்தன. பண்டிகை வேலைக்கு ஒத்தாசையாக ஆவடியிலிருந்து நாத்தனார் லூர்து வந்திருந்தார். அவரிடம் கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன். அவர் அசரவில்லை. மூன்றாவது தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"மடக்கு மடக்குன்னு அழ வெக்கறது நீயி, கண்ணத் தொடச்சி உடறது நாங்க. அது யாரு பேச்சக் கேக்கும், சொல்லு?"

மேசைக்கு அடியில்

பயிற்சி ஒரு இடத்துக்குமேல் நகரவில்லை. படுக்கையில் குதிகாலை இழுக்கச் சொன்னால் கொஞ்ச தூரம் வரும். உடனே 'அய்யோ ஏசுவே' என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வார். பிடித்து அழுத்த எனக்கு மனசு வராது. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் செய்கிற நாளில் போயிருந்தேன். மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, புதுச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டி எடுக்கிற வேலை. அக்காவை நாற்காலியில் உட்கார்த்தி, மேசையைச் சுற்றி லூர்தும் தெருப் பெண்கள் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சும் சிரிப்பும் பெருத்துப்போனதில் அக்காவின் சீப்பு கைதவறிக் கீழே விழுந்தது. ஆபரேஷன் ஆன வலது காலை நீட்டி, சீப்பின்மேல் பாதத்தை வைத்து, தன் பக்கம் இழுத்தார். பாதம் வழுக்கிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போயே போய்விட்டது. என்னிடம் ஒருநாளும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. வலிக்கிறது என்று முகம்கூடச் சுளிக்கவில்லை. பிறகு நிமிர்ந்தார், நான் பார்த்துவிட்டதைப் பார்த்தார்.

மற்றவர்கள் எழுந்து போன பிறகு அக்காவே ஆரம்பித்தார். "கண்ணாலமாகி வந்த நாளா கிறிஸ்மஸ்னா எனக்கு அடுப்பங்கரதாம்மா. பூசையில முட்டி போட்டுகினு இருந்தாக்கூட, ஊற வெச்ச அரிசி மேலதான் நெனப்பு இருக்கும். எல்லாருக்கும் போட்டுட்டு நான் உக்கார்றதுக்குள்ள சோறு ஆறிப் பூடும். இந்த வருசம்தான் சூடா துன்னலாம்னு கீறேன். கால் மடங்குச்சின்னு தெரிஞ்சா அன்னிக்கே எழுப்பி உட்ருவாங்க."

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "அதுக்காக மறுபடியும் தியேட்டருக்குப் போவீங்களாக்கா?" என்று கேட்டேன். மாவு ஒட்டிய விரலைத் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னார்:

"போனா இன்னாம்மா, இன்னும் ரெண்டு வாரம் யாரும் எழுப்பாம படுத்துகினு இருக்கலாமில்ல?"

நிற்கக் கூடாது, நடக்கலாம்

அக்காவின் கணக்கு தப்பு. தியேட்டரில் அப்படி மடக்கிவிட்டால் மறுநாள் காலையிலேயே எழுப்பி, முன்னைவிட அதிகமாகப் பயிற்சி கொடுப்பார்கள். படுக்கவெல்லாம் விடமாட்டார்கள். அதை அப்போதே சொல்லிவிட்டேன். "கால மடக்கறது உங்க பொறுப்பு, உங்கள உக்கார வெக்கறது என் பொறுப்பு" என்றும் வாயை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், எப்படி உட்கார வைக்கப்போகிறோம் என்ற கவலை பிடித்தது. கால் மடங்கவில்லை என்று பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

யோசித்தால், பொய்யே தேவைப்படவில்லை. ஆபரேஷன் ஆன முழங்காலுக்கு நடப்பது நல்லது. ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பது ஆகாது, வீங்கிவிடும். எல்லா நோயாளிக்கும் சொல்கிற விஷயம்தான். ஆனால் அதை நோயாளியின் காதில் சொல்லிவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம். அடுப்பை விட்டு நகர முடியாத பெண் அதைக் கேட்டு என்ன செய்வாள்? இந்த முறை வீட்டார் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்துச் சத்தமாகச் சொன்னேன். கால் மடங்கத் தொடங்கியிருக்கிறது. இனி தினமும் காலையும் மாலையும் தெருவில் நடக்க வேண்டும். நான் சொல்லும்வரை அடுப்பங்கரையில் மட்டும் நிற்கக் கூடாது.

அன்றைக்குப் பயிற்சியில் அக்கா நிஜமாகவே மடக்கினார், நிஜமாகவே அழுதார். ஹாலிலோ பெரிய குழப்பம். லூர்து பண்டிகைக்குத் தன் வீட்டுக்கு ஆவடி போயாக வேண்டும். அப்படியானால் கிறிஸ்துமஸ் அன்று பிரியாணி யார் கையில் என்று ராபின் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார். தாடையைத் தேய்த்துக்கொண்டே ஜெயராஜ் அண்ணன் கேட்டார்:

"தெரு பூரா நடக்கலாம், அடுப்பாண்ட மட்டும் நிக்கக் கூடாதா? இன்னா காலும்மா இது, எடம் பாத்து வேல செய்யுது!"

பலகாரத் தட்டு

கிறிஸ்துமஸ் அன்று எனக்கு விடுமுறை. மனசு கேட்காமல் காலையில் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். சமையலறையிலிருந்து வெங்காயம் தீய்கிற வாசனையும், 'தண்ணி எவ்ளோப்பா ஊத்தணும்?' என்று ராபினின் குரலும் வந்தன. ஹாலில் அக்கா புதுப் புடவையில், கைத்தடியோடு, கிளம்பத் தயாராக நின்றிருந்தார்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். கிறிஸ்துமஸ் அன்று ஸ்டெல்லா அக்கா வீட்டுக் கேக், கல்கல், முறுக்கு எல்லாம் தட்டில் அடுக்கித் துணி போட்டு மூடி மற்ற வீடுகளுக்குப் போகும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தத் தட்டுகள் வேறு பலகாரத்தோடு திரும்பி வரும். இத்தனை வருஷமும் தட்டைக் கொண்டுபோனது ராபின்தான். இந்த வருஷம் அக்காவே கிளம்பிவிட்டார். நடக்கச் சொன்னது பிசியோவாயிற்றே, யார் தடுக்க முடியும்? தட்டைத் தூக்குகிற வேலை எனக்கு வந்தது.

போன வீட்டிலெல்லாம் நாற்காலி போட்டார்கள், தலையணை தேடினார்கள். 'தலகாணி மட்டும் எட்த்துனு வராதீங்க, இந்தம்மா என்னத் திட்டும்' என்று அக்கா என்னைக் காட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து எழுந்திருப்பதே நல்ல பயிற்சி. நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சில வீடுகளில் அக்கா சுவரையும் ஜன்னலையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கடைசியாக மூலை வீட்டுக் கல்யாணி அக்கா தட்டை வாங்கிக்கொண்டு, உடனே உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"வருசா வருசம் உன் தட்டு வந்துகினுதான் இருந்துச்சு ஸ்டெல்லா. நீ எங்க ஊட்டுப் படி ஏறுனது இன்னிக்குத்தான்."

அப்புறம்

திரும்பி வந்து அக்கா உட்கார்ந்து சாப்பிட்டார். பிரியாணி குழைந்து பொங்கல் பதத்தில் இருந்தது, உப்பும் தூக்கல். ஆனால் ஆவி பறந்தது. அக்கா ஊதி ஊதி, நிதானமாக, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயராஜ் அண்ணன் அன்றைக்கு என்ன நினைத்தாரோ, மறுநாளும் அவரேதான் சமைத்ததாகக் கேள்வி.

ஜனவரியில் டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். இது போதும், தியேட்டர் வேண்டாம், தொடர்ந்து நடக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். ராபின் போனில் சொன்னபோது காட்டுப்பாக்கம் சிக்னலில் நின்றிருந்தேன். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் பின்னால் இருந்தவர்களிடம் திட்டு வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

பொங்கல் வாரத்தில் கடைசித் தடவையாகப் பயிற்சி பார்க்கப் போனேன். இனி அடுப்பங்கரையில் கொஞ்ச கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். கட்டிலில் ஆள் இல்லை, ஹாலில் இல்லை. சமையலறையில் ஜெயராஜ் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, ஒரு கையால் சாம்பாரைக் கிண்டிக்கொண்டு, மறு கையை இடுப்பில் ஊன்றி நின்றிருந்தார். அக்கா எங்கே என்றேன். காலையிலேயே கல்யாணியோடு கிளம்பிவிட்டாராம். எங்கே என்று சொல்லவில்லையாம், இவரும் கேட்கவில்லையாம். கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கால் நல்லா ஆயிடுச்சும்மா, ஆளுதான் ஊட்ல தங்கறதில்ல. எனக்கு நின்னு நின்னு இடுப்பு உட்டுப் போவுது, நீ ஒரு வார்த்த சொல்லி அவள உக்கார வையேன்."

இப்போதெல்லாம் பண்டிகை நாளில் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாராவது கேட்டால், முதலில் அடுப்பங்கரையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறேன். பார்க்கப் போனவர் யாரும் இதுவரை திரும்பி வரவில்லை. அங்கேயே கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் போல.