கரண்டு போனால் கேட்கும் ரிசீவர்

யாங்கூன் நகரின் தின்கன்ஜூன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் நானே ஒரு ரேடியோ ரிசீவர் செய்தேன். ஆன்டெனாவில் விழுவதை ஒரு சிறிய போர்டு மடிக்கணினிக்கு அனுப்பும். நிலையங்களைப் பிரித்தெடுப்பது மென்பொருளின் வேலை. ஆனால் திரை முழுவதும் இரைச்சல்தான். போர்டு கார் பேட்டரியில் ஓடியதால் கரண்டு லைன் வழியாக இரைச்சல் வர வழியில்லை; பிழை என் வடிவமைப்பில்தான் என்று முடிவுகட்டினேன். காயிலை மூன்று முறை பிரித்துச் சுற்றினேன், எர்த்தை மாற்றினேன், போர்டை பிஸ்கட் டின்னுக்குள் அடைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு பிற்பகல் கரண்டு போனது. பேட்டரியில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, இரைச்சல் சட்டென்று அடங்கி, திரையில் நிலையங்கள் கோடுகோடாகத் தெரிந்தன. தெருவில் வீட்டுக்கு வீடு இருந்த வோல்டேஜ் ஏற்றும் பெட்டிகள்தான் இத்தனை நாளும் என் ஆன்டெனாவில் கத்தியிருக்கின்றன.

சிறிது நேரத்தில் தெருவே "மீ லாப்யீ!" என்று கூவியது. கரண்டு வந்தால் இங்கே எல்லோரும் அப்படித்தான் கூவுவார்கள். நிலையங்கள் மறைந்தன.

"சனியன், வந்துருச்சு," என்றேன்.

"கரண்டு வந்ததுக்குத் திட்டுற ஆள இந்த ஊர்ல இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் மனைவி.

மறுநாள் எங்கள் பேட்டையின் மின்வெட்டு நேரங்களை எழுதி மேசைக்கு மேல் ஒட்டினேன். ரிசீவரின் வடிவமைப்பில் நான் செய்த கடைசித் திருத்தம் அதுதான்.