யாரும் எடுக்காத ஆட்டக்காரர்கள்

ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். அங்கே செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியோரத்தில்தான். காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்னால் அங்கே நின்று அமெரிக்க பேஸ்பால் பார்ப்பேன். ஆட்டத்தை அல்ல, பெயர்களையும் எண்களையும். அங்கே இரவு ஆட்டங்கள் முடிகிற நேரம் இங்கே காலை.

என்னை அதில் இழுத்துவிட்டவன் என் நண்பன். படவேட்டில் ஒன்றாகப் பள்ளியில் படித்தோம். அவன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டான். ஒருநாள் திடீரென்று போன் செய்தான்.

"எங்க குரூப்ல ஒருத்தன் வெலகிட்டான்டா. நீ வா."

"எனக்கு அந்த ஆட்டமே தெரியாதுடா."

"தெரியாதவன்தான் வேணும். நீ பேரப் பாத்து மயங்க மாட்டே."

மொத்தம் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, கற்பனையாக ஓர் அணி வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் மைதானத்தில் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. ஒருவன் வைத்திருக்கும் ஆளை, அவனாகக் கொடுத்தாலொழிய, இன்னொருவன் எடுக்க முடியாது. யாருமே எடுக்காதவர்கள் ஒரு பட்டியலில் கிடப்பார்கள். சரியில்லாத ஆளை விட்டுவிட்டு, அங்கிருந்து ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குப்பையில் நல்ல ஆளைக் கண்டுபிடிப்பதுதான் முழுத் திறமையும்.

அது எனக்கு வந்தது. ஒருவன் அடிபட்டால்தான் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு வாய்ப்பு. ஆகவே நான் அடிபட்ட செய்திகளை மட்டும் படித்தேன். முழங்கைத் தசைநார் என்று எழுதியிருந்தால் அந்த வருடம் அவன் திரும்ப மாட்டான் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் யோசிப்பதற்குள் அவனுக்குப் பதிலாக இறங்கப்போகிறவனை எடுத்துவிடுவேன். நான்கு அணிகள் கழித்துவிட்ட ஒரு கிழட்டுப் பந்துவீச்சாளனை அப்படித்தான் எடுத்தேன். அந்த வருடம் முழுக்க அவன் எனக்குப் புள்ளி கொட்டினான். நண்பன் அவனை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"ஆஸ்பத்திரி புத்திய வெச்சே ஆடறடா நீ" என்பான்.

தினமும் செய்தியில் பேசிக்கொண்டோம். பேசியதெல்லாம் இதுதான்.

இரண்டாவது வருடம், ஆடி மாதத்தில் அவன் அணி அசையாமல் நின்றது. அடிபட்டுப் படுத்துவிட்டவன் பெயர் ஆடுகிறவர்கள் வரிசையிலேயே இருந்தது. முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷம். அவனைத் தாண்டி மேலே போனேன். அவன் கண் வைத்திருப்பான் என்று தெரிந்த ஒருவனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாடா தூங்கறியா?" என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. ஒன்பதாம் நாள் போன் செய்தேன்; எடுக்கவில்லை. எந்த வேலை இருந்தாலும் அவன் அணியை அப்படி விடுகிறவன் அல்ல.

சனிக்கிழமை வண்டியெடுத்து மலையிறங்கிப் படவேட்டுக்குப் போனேன். அவன் அப்பா கரும்புக் கொல்லையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவன் அம்மா, "வாப்பா, இன்னா இவ்ளோ தூரம்?" என்றார்.

"அவன் பேசுனானாம்மா?"

"போன ஞாயித்துக்கெழம பேசல. மருமவதான் பேசிச்சு. அவனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சாம்."

மருமகள் எண்ணை வாங்கிக்கொண்டு, வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். தெருமுனையில் நின்று அழைத்தேன். அந்தப் பெண் உடனே எடுத்தாள்.

கணையத்தில் புற்றுநோய். சித்திரையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்பது நாளாக நினைவில்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"உங்ககிட்டயாவது சொல்லலாம்னு நான் சொன்னேண்ணா. அவர் கேக்கல. 'அவன் ஒருத்தன்கிட்டயாவது பழைய மாதிரி பேசிட்டிருக்கேன், விடு'ன்னுட்டார்." பிறகு அழுதுகொண்டே சொன்னாள்: "அத்த மாமாகிட்ட நீங்க சொல்லிடுங்க. என்னால முடியல."

அங்கேயே நின்று பழைய செய்திகளைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று மாதமாக மருந்து ஏறும் நாற்காலியிலிருந்துதான் அவன் என்னோடு சண்டை போட்டிருக்கிறான். அவன் வைத்திருந்த ஓர் ஆட்டக்காரனைப் பற்றி வைகாசியில் நான் எழுதியிருந்தேன்: "இவன் இனிமே தேற மாட்டான். விட்டுடு." அவன் பதில் எழுதியிருந்தான்: "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்டா."

திரும்பி வீட்டுக்குள் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்தார். மறுபடி பற்றவைத்தார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மருந்து ஆளுதானே. அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசிப் பாரேன்."

"இல்லீங்க ஐயா. அந்தக் கட்டம் தாண்டிட்டுது."

"பேசித்தான் பாரேன்."

இருவருக்கும் பாஸ்போர்ட் இல்லை. மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். அங்கே நடந்த இறுதிச் சடங்கை, இங்கே விளக்கு வைக்கும் நேரத்தில் போனில் காட்டினார்கள். போனை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் ஆடியபோதெல்லாம் அம்மா, "நேரா புடிப்பா, நேரா புடி" என்றார்.

அடுத்த வாரம் எங்கள் குழுவை நடத்துகிறவர் எல்லோருக்கும் அனுதாபச் செய்தி அனுப்பியிருந்தார். அவரை நான் பார்த்ததில்லை. அவன் அணியைக் கலைத்துவிட்டாராம். அதுதான் விதி, அதில் தப்பில்லை. அவனுடைய ஆட்கள் எல்லோரும் யாரும் எடுக்காதவர்கள் பட்டியலுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தச் செய்தியை நான் பிறகுதான் படித்தேன். முதலில் திறந்தது பட்டியலைத்தான். மேலேயே ஒரு நல்ல ஆள் கிடந்தான். இவனை எப்படி விட்டார்கள் என்று நினைத்தபடியே எடுத்துவிட்டேன். எடுத்தபிறகுதான் அவன் யாருடைய ஆள் என்று உறைத்தது. உடனே விட்டுவிட்டேன். நாள் முழுக்கக் கவுண்டரில் மாத்திரை எண்ணிக் கொடுத்தேன்; எண்ணிக்கை தப்பித் தப்பிப் போயிற்று. சாயங்காலம் பார்த்தபோது அவனை வேறொருவர் எடுத்திருந்தார். அத்தோடு நான் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

மாதம் ஒருமுறையாவது படவேட்டுக்குப் போய் வருகிறேன். போன தடவை அப்பா என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரப்பில் நின்று கேட்டார்.

"தெனம் உங்கிட்ட பேசுவானாமே. மருமவ சொல்லிச்சு. இன்னாதான் பேசுவான்?"

ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பட்டியலைப் பற்றி, அடிபட்டவர்களைப் பற்றி, அவன் கேட்டும் நான் கொடுக்காத அந்தப் பந்துவீச்சாளனைப் பற்றி. புரிந்ததோ இல்லையோ, கடைசிவரை கேட்டார்.

"எங்களப் பத்தி?"

"இல்லீங்க ஐயா."

"ஊரப் பத்தி? இந்த நெலத்தப் பத்தி?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் இல்லையென்றுதான் தலையாட்டினேன்.

"சரி" என்றவர், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனார்.