அறுநூற்றுப் பன்னிரண்டை ஆறால் வகுத்த கதை

நான் கணக்கு எடுத்த பத்தாம் வகுப்பில் அந்தப் பெண்ணைப் போல அல்ஜீப்ரா போட யாரும் கிடையாது. எக்ஸும் ஒய்யும் அவள் சொன்னபடி கேட்கும். கடைசி வரியில் 612-ஐ 6-ஆல் வகுக்க வேண்டி வந்தால் மட்டும் 12 என்று எழுதி, அடிக்கோடு வேறு போடுவாள். நடுவில் வர வேண்டிய சைபர் எப்போதுமே விட்டுப்போகும்.

போகாமல் என்ன செய்யும்? வகுத்தல் சொல்லித்தரும் நாலாவதிலும் ஐந்தாவதிலும் அவள் பள்ளிக்கே வரவில்லை. அப்பாவின் தறியில் சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் யாரோ சொல்லி, வயதைப் பார்த்து நேரே ஆறாவதில் உட்கார வைத்துவிட்டார்கள். சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் பள்ளிக்கு அப்படி வந்த பெண்கள் நிறைய. ஒருத்தி எந்தக் கணக்கில் தடுக்குகிறாள் என்று பார்த்தே, எந்த வருஷம் தறியில் இருந்தாள் என்று சொல்லிவிடுவேன்.

காலாண்டில் கணக்கில் ஃபெயில். "நின்னுடறேன் டீச்சர். தறிக்கே வந்துடுன்னு அப்பா சொல்லிக்கினு இருக்காரு," என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு மூளையை ஒரு சைபருக்காகத் தாரைவார்ப்பதா? ஆனால் பத்தாவது பெண்ணை உட்கார வைத்து நாலாவது கணக்கு சொல்லித்தந்தால் மறுநாள் வர மாட்டாள். அவள் ரோஷம் எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு பொய் சொன்னேன். "கீழ நாலாங்கிளாஸ் பசங்களுக்கு வகுத்தலே வரலையாம்மா. சாப்பாட்டு பெல் அடிச்சதும் நீ போயி கொஞ்சம் சொல்லிக்குடு." உண்மையில் அந்த வாண்டுகளுக்கு வகுத்தல் தண்ணீர் பட்ட பாடு. சொல்லித்தருவதற்காகவாவது இவள் புத்தகத்தைப் புரட்டுவாள் என்பது என் கணக்கு.

தினமும் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில், தட்டு கழுவிய ஈரக் கையோடு அவளைச் சுற்றி உட்காருவார்கள். நான் மாடியிலிருந்து பார்த்து என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்வேன். அரையாண்டுத் தாளில் சைபர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. தறிப் பேச்சையும் அவள் விட்டுவிட்டாள்.

பெருமை தாங்காமல் நாலாம் வகுப்புக்குப் போய், "அக்கா நல்லா சொல்லித்தராங்களா?" என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரட்டைச் சடைக்காரி ஒருத்தி என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்காவுக்கு அந்த சைபரு போடவே தெரியாது டீச்சர். நாங்க சொன்னா அழுதுடும் இல்ல? அதான் எங்களுக்குப் புரியலன்னு சொல்லி, நாங்களே போட்டுக் காட்டி, இது சரியா அக்கான்னு கேட்டுக்கினே இருந்தோம்."

நான் போட்ட அதே நாடகம். ஒன்பது வயதில் என்னைவிட நன்றாகப் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அக்காகிட்ட சொல்லிடாதீங்க," என்று இரட்டைச் சடைக்காரி என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

ஜூனில் என் பத்தாம் வகுப்புப் பெண் மார்க் ஷீட் வாங்க வந்தாள். பாஸ். கையில் தேன்மிட்டாய்ப் பொட்டலம். நியாயமாக எனக்குத்தானே என்று வாசலிலேயே நின்றேன். சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் பிள்ளைகளிடம் போனாள்.

"இருங்க டீச்சர். மொதல்ல எனக்கு சொல்லிக்குடுத்தவங்களுக்கு," என்றாள்.

கடைசியில் எனக்கு மிஞ்சியது ஒன்று. அதை இரட்டைச் சடைக்காரிதான் கொண்டுவந்து கொடுத்தாள். "நான் சொல்லல டீச்சர்," என்றாள்.