கண்ணாடி கேபினெட்டும் என் ஓட்டமும்

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஃபோர்மேன். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு நாங்களே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய, விருதுநகரில் அதன் பாகங்களை உள்ளே மாட்டும் பெட்டியான கேபினெட் வாங்கப் போனோம். அவள் காட்டியது சாதாரணத் தகரப் பெட்டி. கலர் கலராக விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டிக்கு அடம்பிடித்தது நான்தான்.

வீட்டில் அதன் கண்ணாடிக் கதவைக் கழற்றி டைல்ஸ் தரையில் நிறுத்தினேன். தரையைத் தொட்டதும் 'டமார்'. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று கம்பெனியில் தினமும் சொல்கிறவன் ஆயிற்றே, ஓடினேன். என்னைப் பார்த்துத் தெருவே பின்னால் ஓடி வந்தது.

பிள்ளையார் கோயிலைத் தாண்டியதும் பக்கத்து வீட்டு மாடசாமி மூச்சிரைக்கக் கேட்டான்: "ஏலே, எங்கன வெடிச்சுச்சு?"

"எங்க வீட்லதாம்லே."

"வீட்ல யாரு இருக்கா?"

அப்போதுதான் மகள் நினைவு வந்தது. திரும்பி ஓடினேன்.

அவள் துடைப்பத்தோடு கண்ணாடித் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணுமில்லப்பா. நீங்க எம்புட்டு தூரம் போயிட்டு வாறீக?"

இப்போது எங்கள் வீட்டில் தகரப் பெட்டிதான். கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள், கழற்றியதும் போர்வை மேல் படுக்க வையுங்கள்; டைல்ஸில் ஓரம் பட்டாலே அது வெடித்துத் தூளாகிவிடும். சத்தம் கேட்டால் நான் இன்னமும் ஓடுவேன். ஆனால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு.